‘பயத்தின் சம்பளம்’ (1953): விமர்சகர்கள் கொண்டாடியதும் கோபப்பட்டதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1953-ல் ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ இயக்கத்தில் வெளிவந்த பிரெஞ்சுப் படம் ‘லெ சலேர் த லா பேர்’. ஆங்கிலத்தில் ‘தி வேஜஸ் ஆஃப் ஃபியர்’ என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். தமிழில் இதை ‘பயத்தின் சம்பளம்’ என்றே சொல்லலாம். ‘பாவத்தின் சம்பளம் மரணம்’ என்ற விவிலிய வரி உடனே காதில் விழுகிறது. பிரெஞ்சுத் தலைப்பைக் கேட்பவர்களுக்கும் அந்த வரிதான் நினைவுக்கு வரும்.

எழுபது வருடங்களாக இந்தப் படத்தைப் பற்றி விமர்சகர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தச் சண்டைகளை ஒட்டி என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். படத்தின் முடிவு உட்பட எல்லாமே பேசப்படும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

தென் அமெரிக்காவில் லாஸ் பியட்ராஸ் என்ற ஒரு கற்பனை ஊர். வெயிலும் புழுதியும் தவிர அங்கே எதுவும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து ஏதேதோ காரணத்துக்காக ஓடிவந்தவர்கள் அங்கே மாட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். வேலை கிடையாது, ஊர் திரும்ப விமானக் கட்டணத்துக்குப் பணமும் கிடையாது. சுமார் 300 மைல் தள்ளி, ஒரு அமெரிக்க நிறுவனத்தின் எண்ணெய்க் கிணறு தீப்பிடிக்கிறது. தீயை அணைக்க நைட்ரோகிளிசரின் வேண்டும். பாதுகாப்பான வண்டி இல்லை, நேரமும் இல்லை. சாதாரண லாரிகள் இரண்டில் ஏற்றி மலைப்பாதையில் கொண்டுபோக ஆள் எடுக்கிறார்கள். ஆளுக்கு 2,000 டாலர். நான்கு பேர் தேர்வாகிறார்கள்: மரியோ, ஜோ, லூயிஜி, பிம்பா. அங்கிருந்து கடைசி வரை சாலைதான்.

எண்ணெய்க் கிணற்றுத் தீயை வெடிவைத்து அணைப்பதா? அது உண்மையா?

உண்மைதான். கிணற்றிலிருந்து பீறிட்டு வரும் எரிபொருளிலிருந்து சுடரைப் பிரித்தால் தீ அணைந்துவிடும். வெடிப்பின் அதிர்ச்சி அலை அந்த வேலையைச் செய்கிறது. ஊதி விளக்கை அணைப்பது போல. நைட்ரோகிளிசரினை 1847-ல் இத்தாலிய வேதியியலாளர் அஸ்கானியோ சொப்ரேரோ கண்டுபிடித்தார். திரவமாக இருக்கும்போது ஒரு தட்டு, ஒரு குலுக்கல் போதும், வெடித்துவிடும். ஆல்ஃபிரட் நோபல் அதை டைனமைட்டாக மாற்றியதே இந்த ஆபத்தைக் குறைக்கத்தான்.

இந்தச் சமாச்சாரத்தைப் படம் வசனத்தில் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. நிறுவனத்தின் ஆள் ஓ’பிரையன், வேலைக்கு வந்தவர்கள் முன்னால் ஒரே ஒரு சொட்டைக் கீழே விடுகிறார். டமார். அவ்வளவுதான் பாடம். அதன் பிறகு லாரி ஒரு சின்னக் கல்லின் மேல் ஏறினாலும் நம் தோள் இறுகுகிறது.

நாவலை எழுதியது யார்? அவருடைய வாழ்க்கையே ஒரு த்ரில்லர் என்கிறார்களே?

நாவலாசிரியரின் பெயர் ஜார்ஜ் அர்னோ. அது புனைபெயர், உண்மையான பெயர் ஆன்ரி ஜிரார். 1941 அக்டோபரில் அவருடைய அப்பாவும் அத்தையும் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் எஸ்க்வார் என்ற இடத்தில் இருந்த அவர்களுடைய மாளிகையில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பழி மகன் மேல் விழுந்தது. ஒன்றரை வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார். 1943-ல் புகழ்பெற்ற வழக்கறிஞர் மோரிஸ் கார்சோன் வாதாடி, நடுவர் குழு அவரை விடுதலை செய்தது. அதற்குப் பிறகு சொத்தையெல்லாம் கரைத்துவிட்டு 1947-ல் தென் அமெரிக்காவுக்குப் போனார். லாரி ஓட்டுவது உட்படக் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். திரும்பி வந்து 1950-ல் இந்த நாவலை வெளியிட்டார்.

நாவல் தனக்குள்ளேயே ஒரு முன்னெச்சரிக்கை வைத்திருக்கிறது: இதில் பூகோள உண்மையைத் தேடாதீர்கள், குவாத்தமாலா என்ற நாடே கிடையாது, நான் அங்கே வாழ்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியும் என்கிற தொனியில். ஊர் திரும்ப வழியில்லாமல் கிடப்பது எப்படி என்று தெரிந்த ஒருவர் எழுதியது அது. விமர்சகர்கள் படத்தின் ‘வெறுமை’யைப் பற்றிப் பேசும்போது இயக்குநரை மட்டும் குறை சொல்வார்கள் அல்லது புகழ்வார்கள். அந்த வெறுமையில் பாதி அர்னோ கொடுத்தது.

நாவலுக்கும் படத்துக்கும் என்ன வித்தியாசம்?

நாவலின் நாயகன் பெயர் ஜெரார் ஸ்டர்மர். அவனுடைய கூட்டாளி ஜானி மிஹலெஸ்கு, ருமேனியன். படத்தில் அவர்கள் மரியோவாகவும் ஜோவாகவும் மாறுகிறார்கள், இரண்டு பேருமே பிரான்சைச் சேர்ந்தவர்கள். இயக்குநர் ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ தன் தம்பியோடு சேர்ந்து திரைக்கதை எழுதினார். தம்பி ஜெரோம் ஜெரோனிமி என்ற பெயரில் எழுதுகிறவர்.

பெயர் மாற்றம் பெரிய விஷயமில்லை. பெரிய மாற்றம் உறவில் இருக்கிறது. படத்தில் ஜோ ஊருக்குள் வரும்போது ராஜா மாதிரி வருகிறான். வெள்ளை உடை, வாயில் சுருட்டு, பையில் காசு இல்லாவிட்டாலும் தோரணைக்குக் குறைவில்லை. மரியோ அவனை அண்ணாந்து பார்க்கிறான். லாரியில் ஏறியதும் ஜோவின் தைரியம் மைல் மைலாகக் கரைகிறது; மரியோ கல்லாகிக்கொண்டே போகிறான். யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பது பாதி வழியில் தலைகீழாகிவிடுகிறது. நான் பார்த்த வரையில் கிணற்றுத் தீயை விட இதுதான் படத்தின் உண்மையான கதை.

வெளிவந்தபோது வரவேற்பு எப்படி இருந்தது?

பிரமாதமாக இருந்தது. 1953 ஏப்ரலில் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான கிராண்ட் பிரி கிடைத்தது. பலர் ‘தங்கப் பனை’ என்று எழுதுகிறார்கள். அந்தப் பரிசு 1955-ல்தான் வந்தது. நடுவர் குழுவுக்குக் கவிஞரும் இயக்குநருமான ழான் காக்தோ தலைவர். மௌனப் பட மேதை ஆபெல் கான்ஸும் ஹாலிவுட் நடிகர் எட்வர்ட் ஜி. ராபின்சனும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஜோவாக நடித்த ஷார்ல் வனேலுக்கு நடிப்புக்கான தனிப் பாராட்டும் கிடைத்தது.

அதே வருடம் ஜூனில் பெர்லின் விழாவில் தங்கக் கரடி. இங்கே ஒரு சுவாரசியமான விஷயம் உண்டு. அந்த வருடங்களில் பெர்லினில் சர்வதேச நடுவர் குழு இல்லை, பார்வையாளர்களின் வாக்குதான் தீர்மானித்தது. ஆக, கானில் கலைஞர்களும் பெர்லினில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்த சாதாரண ஜனங்களும் ஒரே படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம் பிரிட்டிஷ் அகாடமியின் சிறந்த படத்துக்கான விருதும் வந்தது. பிரான்சில் மட்டும் கிட்டத்தட்ட 70 லட்சம் டிக்கெட்டுகள் விற்றன. விமர்சகரும் கூட்டமும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம். இந்தப் படத்துக்கு அது நடந்தது.

அமெரிக்காவில் ஏன் வெட்டினார்கள்?

அங்கே படம் 1955-ல் வந்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். படத்தில் வரும் எண்ணெய் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம் எஸ்.ஓ.சி.; பார்த்தவர்களுக்கு அமெரிக்காவின் ‘ஸ்டாண்டர்ட் ஆயில்’ நிறுவனம் நினைவுக்கு வரும். ஓ’பிரையன் ஓரிடத்தில் ஊரில் கிடக்கும் நாடோடிகளையே வேலைக்கு எடுக்கலாம் என்கிறார். காரணமும் சொல்கிறார்: அவர்களுக்குச் சங்கம் இல்லை, குடும்பம் இல்லை, வெடித்துச் செத்தால் யாரும் வந்து பணம் கேட்க மாட்டார்கள். விபத்தில் செத்த உள்ளூர்த் தொழிலாளிகளின் குடும்பங்கள் கொதிக்கும் காட்சியும் இருக்கிறது. எண்ணெய் இருக்கும் இடத்தில் அமெரிக்கர்கள் இருப்பார்கள் என்று ஒரு வசனம் வேறு.

இவையெல்லாம் அமெரிக்க எதிர்ப்பு என்று கருதப்பட்டு, அங்கே திரையிட்ட பிரதியில் கணிசமான பகுதி நீக்கப்பட்டது. மரியோவுக்கும் ஜோவுக்கும் இடையே ஆண்-ஆண் ஈர்ப்பின் சாயல் தெரிகிறது என்று நினைத்த இடங்களிலும் கத்திரி விழுந்தது. நீக்கியதில் பெரும்பகுதி படத்தின் முதல் ஒரு மணி நேரத்தைச் சேர்ந்தது. நிறுவனத்தின் மேல் இருந்த குற்றச்சாட்டு போனது; அதோடு இந்த ஆட்கள் ஏன் அந்த லாரியில் ஏறுகிறார்கள் என்பதும் போய்விட்டது.

வெட்டிய பிரதியைப் பார்த்த அமெரிக்க விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

இரண்டு விதமான எதிர்வினை. நியூயார்க் டைம்ஸில் பாஸ்லி க்ரௌதர் எழுதியதன் சாரம் இது: பரபரப்பு முழுக்க நைட்ரோகிளிசரின் இருக்கிறது என்ற அறிவிலிருந்தும் அதை மூச்சைப் பிடித்துக்கொண்டு கையாளுவதிலிருந்தும் வருகிறது, தியேட்டரே வெடிக்கப்போகிறது என்று உட்கார்ந்திருக்கிறோம். பாராட்டுதான். ஆனால் ‘முழுக்க’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர் பார்த்தது ஒரு வெடிமருந்துப் படம்.

டைம் இதழ் வேறு பக்கம் போனது. இதுவரை எடுக்கப்பட்ட மிகத் தீய படங்களில் ஒன்று என்றது. நல்லவன் என்று ஒருவன் கிடையாது, தியாகத்துக்குப் பலன் கிடையாது, பிழைத்தவனும் பிழைக்கவில்லை. அந்தக் காலத்துக்கு அது தாங்க முடியாத விஷயமாக இருந்திருக்கும். எனக்கு டைம் விமர்சகரின் கோபம் க்ரௌதரின் பாராட்டை விட நேர்மையாகப் படுகிறது. படம் தன்னை என்ன செய்தது என்பதை அவர் மறைக்கவில்லை.

முதல் ஒரு மணி நேரம் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது? இதை எல்லாரும் கேட்கிறார்கள்.

ஆமாம், இதுதான் முதல் கேள்வியாக வரும். லாரி கிளம்புவதற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. நானும் முதல்முறை பார்த்தபோது நாற்பது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி உட்கார்ந்து கடைசி வரை பார்த்தேன். அன்றைக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

படத்தின் முதல் காட்சியில் ஒரு சின்னப் பையன் தரையில் உட்கார்ந்து கரப்பான்பூச்சிகளை நூலில் கட்டி விளையாடிக்கொண்டிருக்கிறான். பூச்சிகள் இழுக்கின்றன, நகர்கின்றன, எங்கும் போக முடியவில்லை. ஐஸ் விற்பவன் வந்ததும் பையன் எழுந்து போய்ப் பார்க்கிறான், வாங்கக் காசில்லை. இந்தச் சில நொடிகளில் படம் முழுவதும் இருக்கிறது. அடுத்த ஒரு மணி நேரம் பெரிய மனிதர்களைக் கொண்டு இதையே காட்டுகிறார் க்ளூஸோ. உணவகத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கடன் சொல்கிறார்கள். சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை. விசா கேட்டுப் போய்த் திரும்புகிறார்கள். மரியோ தன் அறையில் பாரிஸ் மெட்ரோ டிக்கெட் ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறான், தாயத்து மாதிரி.

இதெல்லாம் ஓடும்போது நமக்கும் அலுப்பாக இருக்கிறது, புழுங்குகிறது, எதாவது நடக்காதா என்று தோன்றுகிறது. அந்த நேரம் பார்த்து ஓ’பிரையன் வேலை கொடுக்கிறார். செத்துப்போகும் வேலை. வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து ‘ஏன் போகிறார்கள்’ என்று நாம் கேட்பதில்லை. நமக்கே கிளம்பினால் போதும் என்று இருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் அவர்கள் வீரர்கள், இது சாகசப் படம். அது இருப்பதால் அவர்கள் மலிவாக விலைபோன ஆட்கள், பயம் அவர்கள் செய்யும் வேலை, 2,000 டாலர் அதற்குச் சம்பளம். தலைப்பு அப்போதுதான் அர்த்தமாகிறது.

சில விமர்சகர்கள் இன்றைக்கும் இந்தப் பகுதியைக் குறைத்திருக்கலாம் என்கிறார்கள். ஒன்றிரண்டு நிமிடம் குறையலாம், சரி. ஆனால் மெதுவாக இருப்பது தவறு என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. குறைத்துப் பார்த்தார்கள், 1955-ல். என்ன ஆனது என்று மேலே சொல்லிவிட்டேன்.

பயணப் பகுதியில் எந்தக் காட்சி விமர்சகர்களால் அதிகம் பேசப்பட்டது?

நான்கைந்து இருக்கின்றன. தகரம் போல அலையலையாக வரிவரியாக இருக்கும் சாலை. அதில் மிக மெதுவாகப் போகலாம் அல்லது மணிக்கு 40 மைலுக்கு மேல் பறக்கலாம், நடுவில் எந்த வேகமும் ஆகாது. மலைவளைவில் அழுகிய மரப்பலகை மேடை மேல் லாரியைப் பின்னால் எடுக்கும் காட்சி. வழியை அடைத்துக் கிடக்கும் பாறையைப் பிம்பா கொஞ்சம் நைட்ரோகிளிசரினைக் குடுவையில் எடுத்துவந்து தகர்ப்பது. எண்ணெய் தேங்கிய பள்ளம். எல்லாமே அந்த வகைப் படங்களுக்குப் பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிட்டவை.

என்னைக் கேட்டால் புகையிலைக் காட்சி. லூயிஜியும் பிம்பாவும் முன்னால் போய்விட்டார்கள். பின்னால் வரும் லாரியில் ஜோ கையில் தாளை வைத்து, புகையிலைத் தூளைப் பரப்பி, சிகரெட் சுருட்டுகிறான். திடீரென்று தாளில் இருந்த தூள், யாரோ பக்கத்திலிருந்து ஊதியது போலப் பறந்துபோகிறது. தாள் மட்டும் கையில். இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறார்கள். அப்புறம் தூரத்தில் புகை.

அவ்வளவுதான். இரண்டு மனிதர்கள், ஒரு லாரி போய்விட்டது. எப்படி வெடித்தது, யார் தவறு செய்தார்கள், எதுவும் காட்டப்படவில்லை. அந்த நேரத்தில் அந்த இருவரையும் நமக்கு ரொம்பப் பிடித்துப்போயிருக்கும். லூயிஜி சிமெண்ட் தூசியால் நுரையீரல் கெட்டு, எப்படியும் செத்துவிடுவேன் என்று வந்தவன். அவனுடைய சாவுக்கு ஒரு காட்சி கூடக் கொடுக்காமல் ஒரு சிட்டிகைப் புகையிலையில் முடித்துவிடுகிறார். பெரிய வெடிப்பைத் திரையில் காட்டியிருந்தால் நாம் ‘ஆ’ என்றிருப்போம். இங்கே நம் வாயிலிருந்து சத்தமே வரவில்லை, தொண்டை அடைத்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள்: பயணப் பகுதியில் பின்னணி இசை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக் பெரிய ஆள். ஆனாலும் அவரை அமைதியாக இருக்கவைத்திருக்கிறார்கள். எஞ்சின் உறுமலும் டயரின் அடியில் கல் நொறுங்கும் ஒலியும்தான் இசை.

இது உண்மையிலேயே அமெரிக்க எதிர்ப்புப் படமா?

அந்த நிறுவனத்தைப் படம் மன்னிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வேறு யாரையும் மன்னிக்கவில்லை. ஜோ ஒரு பழைய குற்றவாளி. மரியோ தன்னை நேசிப்பவளையும் தன் பழைய அறைத்தோழனையும் உதறிவிட்டு ஜோ பின்னால் போகிறவன். இயக்குநர் கேரல் ரைஸ் இதைப் பாகுபாடே இல்லாமல் எல்லாவற்றுக்கும் எதிரான படம் என்றார். அதுதான் சரியான கணிப்பு. ஓ’பிரையன்கூட வெறும் வில்லன் இல்லை. அவருக்கும் ஜோவுக்கும் பழைய பழக்கம் உண்டு. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தார், இன்னொருவர் தெருவில் நின்றார், அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றும்.

பெண்களைப் படம் நடத்தும் விதம் பற்றிய விமர்சனம் நியாயமா?

நியாயம். மரியோவை நேசிக்கும் லிண்டாவாக வேரா க்ளூஸோ நடித்தார். இயக்குநரின் மனைவி, பிரேசிலில் பிறந்தவர். அவள் அறிமுகமாவதே தரையைத் துடைத்துக்கொண்டு, முட்டியிட்டுத் தவழ்ந்தபடி. மரியோ அவள் தலையை நாய்க்குட்டியைத் தடவுவது போலத் தடவுகிறான். லாரி கிளம்பும்போது அவள் தொற்றிக்கொண்டு கெஞ்ச, தள்ளிவிடுகிறான். அது மரியோவின் குணத்தைக் காட்டுகிறது, படம் அதை ஆதரிக்கவில்லை என்று சிலர் வாதாடுவார்கள். பாதி ஒத்துக்கொள்ளலாம். ஆனால் ஆண்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு வரலாறு கொடுத்த படம் அவளுக்கு எதையும் கொடுக்கவில்லை. கேமராவும் மரியோவின் கண்ணால்தான் அவளைப் பார்க்கிறது. நான் இந்தப் படத்தை அவ்வளவு நேசித்தும் அந்தத் தரை துடைக்கும் காட்சியில் ஒவ்வொரு முறையும் மனம் சுருங்குகிறது.

தென் அமெரிக்காவில்தான் எடுத்தார்களா?

இல்லை. எல்லாமே தெற்கு பிரான்ஸ், காமார்க் பகுதியிலும் அதைச் சுற்றியும். ஊருக்கான இடம் சாலியே. அங்கே 1942-ல் விஷி அரசு (ஜெர்மனியோடு ஒத்துழைத்த போர்க்கால பிரெஞ்சு அரசு) ரோமா (ஜிப்சி) மக்களை அடைத்துவைத்த முகாம் இருந்தது. போருக்குப் பிறகு கைவிடப்பட்டுக் கிடந்த அந்த இடத்தில்தான் படக்குழு வேலை செய்தது. வெளியேற முடியாதவர்களின் கதையை அங்கே எடுத்தார்கள் என்பது தெரிந்த பிறகு முதல் பாகத்தை முன்போல என்னால் பார்க்க முடிவதில்லை.

1951 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கினார்கள். வறண்ட பூமி என்று காட்ட வேண்டிய இடத்தில் வாரக்கணக்கில் மழை கொட்டியது. லாரிகள் சேற்றில் புதைந்தன, கிரேன்கள் சாய்ந்தன, க்ளூஸோவுக்குக் கணுக்கால் உடைந்தது, பட்ஜெட் எகிறியது. நவம்பரில் நிறுத்தி, அடுத்த வருடம் கோடையில் மறுபடி ஆரம்பித்து முடித்தார்கள். எண்ணெய்ப் பள்ளக் காட்சியில் ஈவ் மோந்தானும் வனேலும் உண்மையான கச்சா எண்ணெயில் கிடந்து கண் நோய் வாங்கிக்கொண்டார்கள்.

நடிகர்களைப் பற்றி விமர்சகர்கள் என்ன சொல்கிறார்கள்?

மரியோவாக நடித்த மோந்தான் அதுவரை பாடகராகத்தான் தெரிந்தவர். இந்தப் படம் அவரை நடிகராக்கியது. ஆனால் பாராட்டில் பெரும்பங்கு வனேலுக்கு. ஜோ பாத்திரத்துக்கு முதலில் கேட்கப்பட்டவர் பிரெஞ்சு நட்சத்திரம் ழான் காபென். திரையில் கோழையாகத் தெரிய அவர் விரும்பவில்லை என்பார்கள். நல்லதுதான் நடந்தது. காபெனுக்கு என்று ஒரு மிடுக்கு உண்டு, அதை உடைத்திருக்க முடியாது. மௌனப் படக் காலத்திலிருந்து நடித்துவந்த வனேலுக்கு அப்போது வயது அறுபதை நெருங்கியிருந்தது. பயம் ஒரு மனிதனின் நடையில், கழுத்தில், கண்ணிமையில் எப்படி வந்து குடியேறுகிறது என்பதை அவரைப் பார்த்தால் தெரியும்.

பிறகு ஏன் க்ளூஸோவின் மதிப்பு சரிந்தது?

அடுத்த தலைமுறை வந்தது. ‘காயே து சினிமா’ இதழைச் சுற்றி வளர்ந்த இளம் விமர்சகர்கள், பிறகு ‘புதிய அலை’ என்ற பிரெஞ்சு சினிமா இயக்கத்தின் இயக்குநர்களாக மாறியவர்கள், எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டுச் செதுக்கும் மூத்தவர்களைப் பழையவர்கள் என்று ஒதுக்கினார்கள். க்ளூஸோவும் அதில் அடிபட்டார். ஏற்கெனவே அவர் மேல் வேறொரு நிழலும் இருந்தது: ஜெர்மனி பிரான்சை ஆக்கிரமித்திருந்த காலத்தில் ஜெர்மானியர்களின் கான்டினென்டல் நிறுவனத்துக்காக 1943-ல் ‘லெ கார்போ’ என்ற படத்தை எடுத்ததற்காக, விடுதலைக்குப் பின் சில காலம் படமெடுக்கத் தடை வாங்கியவர்.

‘பிரெஞ்சு ஹிட்ச்காக்’ என்ற பட்டமும் அவருக்கு உதவவில்லை. ஹிட்ச்காக் படத்தில் ஆபத்து முடிந்ததும் மூச்சு விடலாம். க்ளூஸோவின் படத்தில் ஒரு ஆபத்து முடிந்தால், அந்த ஆள் கொஞ்சம் மோசமானவனாக மாறியிருப்பான்.

1977-ல் வந்த ‘சார்சரர்’ இதன் மறு உருவாக்கமா?

அதன் இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் அப்படிச் சொல்ல மறுத்தார், அதே நாவலின் இன்னொரு வடிவம் என்றார். ஆனால் படத்தைக் க்ளூஸோவுக்குச் சமர்ப்பணம் செய்தார். க்ளூஸோ அந்த வருடம் ஜனவரியில் இறந்துபோயிருந்தார். ‘ஸ்டார் வார்ஸ்’ வெளிவந்து ஒரு மாதத்தில் வந்த ‘சார்சரர்’ வசூலில் படுத்தது, விமர்சகர்களில் பலரும் பழையதோடு ஒப்பிட்டுக் கைவிட்டார்கள். பல வருடங்கள் கழித்து, 2013-ல் வெனிஸில் புதுப்பித்த பிரதி திரையிடப்பட்ட பிறகு பார்வை மாறியது. இன்று இரண்டையும் சேர்த்துப் பாராட்டுகிறவர்கள் நிறைய. புயலில் ஆடும் கயிற்றுப் பாலத்தின் மேல் லாரி நகரும் அதன் காட்சி பிரமிக்கவைக்கும். ஆனால் ஃப்ரீட்கின் நான்கு பேரின் முன்கதையையும் உலகம் முழுக்கச் சுற்றிக் காட்டுகிறார்; க்ளூஸோ ஒரே ஊரில் அடைத்து உட்காரவைக்கிறார். எனக்கு அடைப்பதுதான் வலுவாகத் தெரிகிறது.

2024-லும் பிரெஞ்சில் ஒரு புதிய வடிவம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதில் லாரி சீக்கிரமே கிளம்பிவிடுகிறது.

படம் முழுமையாக எப்போது திரும்பி வந்தது?

அமெரிக்காவில் 1991-ல், மீட்டெடுத்த நீளமான பிரதி. அதைப் பார்த்து அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம் கொடுத்தார். அதன் பதற்றக் காட்சிகள் சினிமாவின் மகத்தான பகுதிகளில் இடம்பெற வேண்டியவை என்று எழுதினார். அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளில் எண்ணெய், கூலி, நாடுகடந்த தொழிலாளிகள் என்ற பேச்சு இயல்பாக வர ஆரம்பித்தது. படம் மாறவில்லை, வெட்டியது திரும்பி வந்தது, படத்தைப் புரிந்துகொள்ளும் விதமும் மாறியது.

முடிவு செயற்கையாக இருக்கிறது என்பவர்களுக்கு என்ன பதில்?

மரியோ மட்டும் பிழைக்கிறான், பணம் வாங்குகிறான், காலி லாரியில் திரும்புகிறான். வானொலியில் ‘நீல டான்யூப்’ வால்ட்ஸ் ஒலிக்க, அந்தத் தாளத்துக்கு லாரியை இடதும் வலதுமாக ஆட்டி ஓட்டுகிறான். ஊரில் லிண்டா அதே இசைக்கு ஆடுகிறாள். லாரி பள்ளத்தில் விழுகிறது. கடைசியில் அவன் கை, அதில் அந்த மெட்ரோ டிக்கெட்.

இயக்குநர் வலிந்து கொன்றுவிட்டார் என்பது பழைய குற்றச்சாட்டு. காட்சிகளை மாற்றி மாற்றி வெட்டும் விதத்தில் கொஞ்சம் வலிந்த தன்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மரியோ ஏன் அப்படி ஓட்டுகிறான்? 300 மைல் ஒரு குலுக்கலுக்குப் பயந்து ஓட்டியவன். பயம் போன பிறகு எப்படி ஓட்டுவது என்பதை அவன் உடம்பு மறந்துவிட்டது.

அதைவிட முக்கியமான முடிவு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. எண்ணெய்ப் பள்ளத்தில் கால் நசுங்கிய ஜோ, மரியோவின் மடியில் சாய்ந்து சாகிறான். இருவருக்கும் தெரிந்த பாரிஸ் தெரு ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்கள். அங்கே ஒரு வேலி இருந்தது, அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று ஜோவுக்கு நினைவு வரவில்லை. உயிர் போகும் நேரத்தில் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். பின்னால் ஒன்றுமே இல்லை என்று கத்திவிட்டுப் போகிறான். டைம் இதழ் ‘தீமை’ என்றது இந்த இடத்தைத்தான் என்று நினைக்கிறேன். நான் அந்த இடத்தில் மரியோவின் கையைப் பார்ப்பேன். வழியெல்லாம் ஜோவை அடித்த, காலின் மேல் லாரியை ஏற்றிய அதே ஆள், தோளோடு அணைத்துப் பிடித்திருக்கிறான்.

எந்தப் பிரதியைப் பார்ப்பது?

ஓடும் நேரத்தைப் பாருங்கள். இரண்டரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதுதான் சரி. இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலம், இத்தாலியன், ஜெர்மன் எல்லாம் கலந்து பேசும் படம் என்பதால் ஒரே மொழியில் டப்பிங் செய்த பிரதியும் வேண்டாம். வசனத் துணைவரிகளோடு, இரவில், ஒலியைச் சற்றுக் கூட்டிவைத்துப் பாருங்கள். நாற்பதாவது நிமிடத்தில் நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள்.